பொட்காஸ்ட் முகப்புப் படத்தில் உடைந்த தமிழ் எழுத்து: நான் சரிசெய்த விதம்

மட்டக்களப்பு வாவி மீனவர்களின் கதைகளைச் சொல்லும் எங்கள் பொட்காஸ்டுக்கு முகப்புப் படம் செய்யும்போது, பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பிரெஃபரன்ஸில் டைப் பகுதிக்குள், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி லேயவுட்டைத் தெரிவுசெய்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் யூனிகோட் எழுத்துருவில் தட்டினேன், சரியாக வந்தது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு இதற்கு வேண்டாம்.

அப்புறம் அளவு. ஆப்பிள் பொட்காஸ்ட் தளம் கேட்பது சதுரப் படம், 1400 முதல் 3000 பிக்சல் வரை. ஆனால் ஆட்கள் பார்ப்பது ஃபோனில் நகமளவில்தான், அதனால் கல்லடிப் பாலம், தோணி எல்லாவற்றையும் திணிக்காமல் மட்டக்களப்பின் அடையாளமான பாடுமீனை மட்டும் வைத்து, பெயரைத் தடித்த பாலூ தம்பி எழுத்துருவில் இரண்டே சொல்லாக எழுதினோம். கரும்பச்சையில் மஞ்சள் எழுத்து, பளிச்சென்று தெரிகிறது. ஃபேஸ்புக் பதிவுகளுக்கும் இதே இரண்டு நிறத்தைத்தான் பாவிக்கிறோம்.