கீட்டோ போட்டும் நைட்ரேட் ஏன் இறங்கவில்லை?

வேலூரில் மரைன் டேங்க் (கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் இன்றும் குறைவுதான். ஆனால் புதிதாகத் தொடங்கும் தம்பிகள் கொண்டுவரும் புலம்பல் மட்டும் மாறுவதே இல்லை. "அண்ணா, கொளத்தூர் போய்க் கீட்டோ வாங்கி வந்து சம்ப்பில் போட்டேன். நைட்ரேட் அசையவே மாட்டேங்குது." கீட்டோ என்பது நைட்ரேட்டை உறிஞ்சும் பச்சைப் பாசி; சம்ப் என்பது டேங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி; நைட்ரேட் தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேர்வது. நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துகள்தான். தீனியைக் குறை, ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) கப்பைக் கழுவு என்பதை எல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

பாஸ்பேட்டைத் துடைத்துவிட்டுப் பாசியைப் பட்டினி போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். காட்பாடியில் ஒருவருக்கு 200 லிட்டர் டேங்க், நைட்ரேட் 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்). கடையில் கேட்டிருக்கிறார். "கீட்டோவும் போடுங்க, பாஸ்பேட் ரிமூவரும் ரியாக்டர்ல (தண்ணி ஓடுற குழாய்ல) ஓட்டுங்க, ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் குறையும் சார்" என்று இரண்டையும் தலையில் கட்டிவிட்டார்கள். சில வாரத்தில் பாஸ்பேட் பூஜ்யம். நைட்ரேட் அதே 50.

நான் போய்ப் பார்த்தபோது கீட்டோவைக் கையில் எடுத்தேன். நன்றாக இருக்கும் கீட்டோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் மாதிரி முறுமுறுவென்று இருக்கும், இழுத்தால் எதிர்த்து நிற்கும். இது வெளிறி, கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தது. நகத்தால் கிள்ளியதும் நொறுங்கிவிட்டது. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? வெளிச்சம் போதவில்லை என்று. பெரிய எல்.இ.டி. ஒன்றை வாங்கி மேலே தொங்கவிட்டார். பசியில் கிடக்கும் செடிக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் அது இன்னும் சீக்கிரம் வெளுக்கும், வேறொன்றும் நடக்காது. நொறுங்கிய துணுக்குகள் ரிட்டர்ன் பம்ப் வழியாக மேல் டேங்குக்குப் போயின. அடுத்தது டைனோ என்ற நுண்ணுயிர்: மணல்மேல் பழுப்பு நிறக் கோழை, நடுநடுவே காற்றுக் குமிழி. நத்தைகள் செத்தன. அக்ரோபோரா பவளம் நுனியிலிருந்து வெளுத்துப் போனது. விளக்குக் காசு, ரிமூவர் காசு, பவளக் காசு எல்லாம் போயும் நைட்ரேட் மட்டும் அங்கேயே இருந்தது.

காரணம் எளிமையான கணக்கு. பாசி தன் உடம்பைக் கட்டுவதற்கு நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரஸும் வேண்டும். மிதவை நுண்பாசிகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அணுக்கணக்கில் 16-க்கு 1 என்பது ரெட்ஃபீல்டு விகிதம். தரையில் வளரும் பெரிய பாசிகளுக்குப் பாஸ்பரஸ் அதைவிடக் குறைவாகப் போதும், சராசரியாக 30-க்கு 1. டெஸ்ட் கிட்டின் மொழியில் சொன்னால், ஏறத்தாழ 20 பிபிஎம் நைட்ரேட்டை இழுக்கும்போது கூடவே 1 பிபிஎம் பாஸ்பேட்டும் செலவாகும். தண்ணீரில் 0.1 பிபிஎம் பாஸ்பேட்தான் இருக்கிறது, தீனியிலிருந்து வருவதையும் ரிமூவர் பிடித்துக்கொள்கிறது என்றால், பாசியால் 2 பிபிஎம் நைட்ரேட்டுக்கு மேல் எடுக்க முடியாது. 50-ல் இருந்து 10-க்கு இறங்க 2 பிபிஎம் பாஸ்பேட் வேண்டும். அது எங்கிருந்து வரும்?

அதனால் கீட்டோ ஓடும்போது ரிமூவரைக் கழற்றி வையுங்கள். பாஸ்பேட்டை 0.05-க்கும் 0.1-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு ஊற்றி நிறம் பார்க்கும் கிட் இந்த அளவில் ஏமாற்றும். டிஜிட்டல் செக்கரை நண்பரிடம் இரவல் வாங்கியாவது பாருங்கள். அப்படியும் பாஸ்பேட் பூஜ்யத்திலேயே நின்றால் அளந்து கொஞ்சமாக பாஸ்பேட் ஊற்றத்தான் வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பாசி பச்சையாகத் திரும்பி வளரும்போது நைட்ரேட்டும் இறங்கும். அப்புறமும் வெளிறியே இருந்தால் இரும்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள்.

அறுக்காமல் அழகு பார்ப்பது

பாசி வளர்ந்ததால் மட்டும் நைட்ரேட் டேங்கை விட்டுப் போய்விடாது. பாசிக்குள் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உள்பக்கம் வெளிச்சம் படாமல் அழுகினால் திரும்ப வரும். 100 கிராம் ஈரக் கீட்டோவைப் பிழிந்து வெளியே எறிந்தால் 200 லிட்டர் டேங்கில் சுமார் 4 முதல் 6 பிபிஎம் நைட்ரேட்டை எடுத்த கணக்கு. அறுத்ததை அதே டேங்கில் இருக்கும், டேங் (tang) என்ற பாசி தின்னும் மீனுக்குப் போடுபவர்களும் உண்டு. மீனுக்குக் கொண்டாட்டம், நைட்ரேட்டுக்கு ரிட்டர்ன் டிக்கெட்.

கீட்டோவுக்குப் பதில் காலர்ப்பா பாசி

வேண்டாம். திடீரென்று ஒரு ராத்திரியில் மொத்தமும் வெளுத்து, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் கக்கிவிடும். காலையில் டேங்க் பால் மாதிரி இருக்கும், மீன் மூச்சுக்குத் திணறும்.

டாப்-அப் தண்ணீரைச் சந்தேகப்படாதது

நம் ஊர் ஆவியாதலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் சின்ன டேங்குக்கே தினமும் 3 லிட்டர் ஊற்ற வேண்டிவரும். போர் தண்ணீரில் நைட்ரேட் இருப்பது சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தரமே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆர்.ஓ. மெம்பிரேன் மற்ற உப்புகளைத் தடுக்கிற அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் 10 பிபிஎம் மிச்சமிருந்தால்? தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கும். மாதம் 90 லிட்டர் ஊற்றினால் 200 லிட்டர் டேங்கில் 4.5 பிபிஎம் ஏறிவிடும். மேலே சொன்ன 100 கிராம் கீட்டோவின் உழைப்பு அப்படியே காலி.

முதல் வேலையாக டாப்-அப் தண்ணீரைக் கிட்டில் பாருங்கள். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் (மிச்சமிருக்கும் உப்பையும் பிடிக்கும் வடிகட்டி) மாட்டினால் பிரச்சினை தீரும். கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது, ருசிக்காக அதில் உப்பு சேர்ப்பவர்கள் உண்டு.

பகலில் பாசி விளக்கு

மேல் டேங்கின் விளக்கு அணைந்த பிறகு சம்ப் விளக்கைப் போடுங்கள். இரவில் பி.எச். விழுவதைப் பாசி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு: விளக்கின் சூடு பகல் வெயிலோடு சேராது. அக்கினி நட்சத்திரத்தில் 30 டிகிரியைத் தாண்டாமல் காப்பதற்கே நாம் ஃபேனும் சில்லருமாக அல்லாடுகிறோம்.

பூஜ்யத்தைக் குறிவைப்பது

5 முதல் 10 பிபிஎம் போதும். நைட்ரேட் பூஜ்யமானாலும் டைனோ வரும்.

கிட்டின் அலகைப் படிக்காதது

சில கிட்டுகள் நைட்ரேட்டைக் காட்டாமல் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். அதை 4.4-ஆல் பெருக்க வேண்டும். பாகாயத்தில் ஒருவர் "எனக்கு 5-தான் சார்" என்று பெருமையாக இருந்தார். அட்டையைத் திருப்பிப் படித்தோம். 22.