லமினேற் பண்ண ஓடாதீர்கள்: பழைய அட்டைப்படம் சேர்ப்பவர்களுக்கு

போன மாதம் கொழும்பு மருதானையில் பழைய புத்தகம் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் நின்றான். கையில் பழைய சிரித்திரன், ஈழத்து நகைச்சுவைச் சஞ்சிகை. அதன் ஆசிரியர் சுந்தரின் கார்ட்டூன் அட்டை, நிறம்கூட மங்கவில்லை. யுத்தத்தில் ஓடியவர்கள் சஞ்சிகைக் கட்டையா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? அப்படித் தப்பி வந்த ஒன்று. "அண்ணை, இண்டைக்கே இதை லமினேற் பண்ணப்போறன்" என்றான். எனக்கு வயிறு கலங்கியது.

லமினேற்

இருபது வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியிலிருந்து வந்த ஆனந்த விகடன். அந்தக் கால விகடனில் ஜோக்தான் அட்டைப்படம்; இது ஓவியர் கோபுலு வரைந்தது. வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தேன். பெடியன் ஓரம் பிசிறாக இருக்கிறதென்று வெட்டிச் சமப்படுத்தினான். வலது மூலையிலிருந்த கோபுலுவின் கையெழுத்து குப்பைக்கூடைக்குப் போனது. நான் காசு கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வருடத்தில் உள்ளே பழுப்பேறியது, பிறகு கறுப்புப் புள்ளிகள். ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு மையும் சேர்ந்து வந்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்த மாமியின் வாய் மட்டும் தனியாக என் விரலில்.

காரணம் சிக்கலானதல்ல. மெஷின் சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது, திரும்ப எடுக்க முடியாது. அந்தக் காலத்து மலிவுக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். அது காலப்போக்கில் சிதைந்து அமிலத்தை உண்டாக்கும். கொழும்பு ஈரத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டி வைத்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

லமினேற்றுக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை. அவ்வளவு போதும். புது மழைக்கோட்டு மாதிரி மணக்கும் பிவிசி உறை மட்டும் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும்.

செலோரேப்

தொடவே வேண்டாம்.

பைண்ட் பண்ணிய கட்டு

நம் வீடுகளில் தொடர்கதையைக் கிழித்தெடுத்துப் பைண்ட் பண்ணுவார்கள். கல்கி தொடர்களில் ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். அட்டைகளைப் பைண்டர் எப்போதோ எறிந்திருப்பார். எனவே கட்டின் தடிப்பைப் பார்த்து மயங்காமல், அட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள். நீங்களும் அட்டையை மட்டும் கிழித்தெடுக்காதீர்கள். எந்த இதழ், என்ன தேதி என்பதெல்லாம் உள்ளேயிருக்கும் பக்கங்களோடு போய்விடும்.

"கிடைக்காத சாமான்" விலை

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்த வருடங்களின் விகடனும் குமுதமும் கொழும்பில் அரிது என்று கடைக்காரர் சொன்னால் நம்பலாம். ஆனால் சென்னையில் அப்படியில்லை. அங்கே போய்வரும் உறவினர் ஒருவர் இருந்தால் பேரம் உங்கள் பக்கம்.

துருக்கம்பி

இதழின் நடுவில் அடித்திருக்கும் கம்பி கடற்காற்றில் சீக்கிரம் துருவேறி, காகிதத்தையும் அரிக்கும். பின்பக்கம் மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துவிடுங்கள்.

சுவரில் மாட்டுவது

ஸ்கேன் பண்ணிப் பிரதியை மாட்டுங்கள். அசல் அலுமாரிக்குள், ஆனால் கடைசித் தட்டில் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.

தம்பி அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு லமினேற்றை விட்டுவிட்டான். ஆனால் செலோரேப் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டதையும் நான் கவனித்தேன்.