கோல்ஃப் கார்ட் லைட் வயரிங்: மழைக்குத் தாங்கும்படி செய்வது எப்படி

முதன்முதலில் ஒரு கோல்ஃப் கார்ட்டுக்கு லைட் கிட் மாட்டியபோது எல்லா ஜாயின்ட்டிலும் கறுப்பு டேப் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். சில மாதங்களில் பின்பக்க லைட் ஒன்று மங்கியது. டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு. சரி, கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்கலாம் என்று பார்த்தால், ஒரு சாண் வெட்டியும் உள்ளே கறுத்த கம்பிதான் வருகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மெல்லிய கம்பிகளுக்கு நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதனால் வயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதன் மேலுறை தாங்கும்; கவலையெல்லாம் வயர் முடிகிற இடங்களைப் பற்றித்தான்.

வேலையைத் தொடங்குமுன் சாவியை அணைத்து, சீட்டுக்கு அடியில் ரன்/டோ (ஓட்ட/கட்டி இழுக்க) சுவிட்ச் இருந்தால் அதை டோவில் வைத்து, பேட்டரி பேக்கின் மெயின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வண்டி 36 அல்லது 48 வோல்ட், லைட் பெரும்பாலும் 12 வோல்ட், எனவே நடுவில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற ரெட்யூசர் வேண்டும். இரண்டு 6 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் வேண்டாம், அந்த இரண்டும் மற்றதைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரெட்யூசரைத் தரையை ஒட்டி வைக்காமல், முடிந்த அளவு உயரத்தில், வயர்கள் கீழ்நோக்கி வெளியே வருகிற மாதிரி மாட்டுங்கள்.

இப்போது ஜாயின்ட். சூடு பட்டால் சுருங்கி வயரைப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூபில், உள்ளே பசை பூசியதுதான் வேண்டும், வெறும் ட்யூப் சுருங்கும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது. முதலில் ட்யூபை வயரில் கோர்த்துவிடுங்கள் (இதை மறந்து கனெக்டரை அழுத்தி க்ரிம்ப் பண்ணிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத ஆளே கிடையாது). அப்புறம் மேலுறையை 8 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்து, கம்பியைச் சரியான அளவு பட் கனெக்டரில் (இரண்டு வயர் முனைகளைச் சேர்க்கும் சின்ன உலோகக் குழாய்) நுழைத்து அழுத்தி, கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அது ஜாயின்ட் இல்லை. ட்யூபை நடுவிலிருந்து இரண்டு பக்கமாகச் சூடுபண்ணிக்கொண்டே போனால், கடைசியில் இரு முனையிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அது வரும்வரை நிறுத்தாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் ஹீட் கன்னை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சால்டர் பலருக்குப் பிடிக்கும், எனக்கு இந்த வேலைக்குப் பிடிக்காது: ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், வண்டியின் அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும். ஓடும் வயரை நடுவில் கடித்துப் பிடிக்கிற கிளிப் மாதிரி கனெக்டர்கள் கிட்டோடு வந்தால் ஓரமாகப் போடுங்கள், அவை மேலுறையை வெட்டித் தண்ணீருக்குக் கதவு திறக்கும்.

கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் ரப்பர் சீல் உள்ள கனெக்டர் போடுங்கள். சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும், அது மின்சாரம் கடத்தாது, காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. கனெக்டரில் வயர் வராத காலித் துளைகளுக்கும் அடைப்பான் வேண்டும். சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாடை வருகிற வகையைத் தொடாதீர்கள், அந்த அமிலமே செம்பை அரிக்கும்.

வயர் ஓடும் பாதையில் மிக முக்கியமான விஷயம் இது: கனெக்டருக்கோ லைட்டுக்கோ போகுமுன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயருக்கு மேலே உறையாகப் போடும் நெளிக்குழாயின் பிளவு தரையைப் பார்க்க வேண்டும், தகரத்தில் துளை போட்ட இடத்தில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) வேண்டும், பேட்டரிகளின் தலைக்கு மேல் வயர் போகக் கூடாது. லைட்டின் அடியில் சின்னத் துளை இருந்தால் அது மூச்சு விடுகிற துளை. அதையும் சேர்த்து அடைத்தால் கண்ணாடிக்குள் ஆவி கட்டும்.

பேனல்களை மூடுமுன் லைட்டை எரியவிட்டு ஹோஸால் மழை மாதிரி நனையுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். லைட்டில் ஐபி67 என்ற நீர்த்தடுப்புத் தரக் குறியீடு எழுதியிருந்தாலும் அதன் பொருள் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான், பீய்ச்சி அடிப்பதற்கு அது உத்தரவாதமில்லை. மறுநாள் மீட்டரை எடுத்து ரெட்யூசரிலிருந்து வெளிவரும் வயரிலும் லைட்டிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் ஏதோ ஒரு ஜாயின்ட் சரியில்லை, எர்த் (நெகட்டிவ்) பக்கத்தையும் விடாமல் தேடுங்கள். கண்டுபிடித்ததும் மேலே டேப் சுற்றி ஒப்பேற்றாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தொங்கவிட்ட அந்த வளைவில் அதற்கான வயர் ஏற்கெனவே இருக்கிறது.