எலஃபோனிசி கடற்கரைக்குத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், தென்மேற்கு மூலையில் இருக்கிறது எலஃபோனிசி. முழங்கால் ஆழ நீர், வெளிர் நீலக் காயல், விளிம்பில் இளஞ்சிவப்பு மணல் என்று படங்களில் மயக்கும் இந்தக் கடற்கரை, 2025 ஆம் ஆண்டு டிரிப்அட்வைசர் தளத்தின் பயணிகள் தேர்வுப் பட்டியலில் உலகிலேயே முதலிடம் பெற்றது. ஆனால் அங்கே போய்விட்டு ஏமாற்றத்துடன் திரும்புகிறவர்களும் உண்டு. குறை பெரும்பாலும் கடற்கரையில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து போட்ட பயணத் திட்டத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு பெயரிலேயே நேர்ந்துவிடுகிறது. பெலோபொனீஸ் நிலப்பகுதியின் தென்கிழக்கு முனைக்கு அருகே எலஃபோனிசோஸ் என்றொரு தனித்தீவு உண்டு. அங்கும் சீமோஸ் என்ற பெயர்பெற்ற மணற்கரை இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே விடுதியைப் பதிவு செய்துவிட்டால், இரண்டுக்கும் இடையே கடல் இருக்கிறது என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும். பதிவு செய்யும் பக்கத்தில் கிரீட் என்ற தீவின் பெயரும், ஹானியா என்ற வட்டாரத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய தவறு, தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது. நம்மவர்கள் வழக்கமாக ஏதென்ஸ், சாண்டோரினி, கிரீட் என்ற வரிசையில்தான் பயணத்தை அமைக்கிறார்கள். சாண்டோரினியிலிருந்து வரும் கப்பல்கள் பெரும்பாலும் ஹெராக்லியோன் துறைமுகத்துக்கே வருவதாலும், க்னோசோஸ் அரண்மனை அந்நகருக்கு அருகிலேயே இருப்பதாலும், அங்கேயே தங்கி ஒருநாள் எலஃபோனிசிக்குப் போய்வந்துவிடலாம் என்று தோன்றும். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவு. ஹெராக்லியோனிலிருந்து ஹானியா நகரம் சுமார் 140 கிலோமீட்டர். அங்கிருந்து கடற்கரை மேலும் 75 கிலோமீட்டர். இந்தக் கடைசி 75 கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வர ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே கழிந்தால், மணலில் கால் வைக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹானியாவில் தங்குவது போதுமானது. மேற்கே கிஸ்ஸமோஸிலோ தெற்கே பலையோஹோராவிலோ இரண்டு இரவுகள் தங்குவது அதைவிடச் சிறந்தது. ஏதென்ஸிலிருந்து நேராக வருகிறவர்கள், பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் ஹானியாவை அடுத்த சூதா துறைமுகத்தில் இறங்கிவிடலாம்.

சாலையைப் பற்றியும் ஒரு சொல். தொபோலியா பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் பாதை அழகானது, ஆனால் வளைவுகள் மிகுந்தது. நடுவில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள் மட்டுமே செல்லக்கூடிய குறுகிய சுரங்கப்பாதையும் உண்டு. வளைவு திரும்பியதும் சாலை நடுவே ஆடுகள் நிற்பது அங்கே வியப்புக்குரியதன்று. இந்திய உரிமத்துடன் கார் வாடகைக்கு எடுக்க விரும்புகிறவர்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும். கிரீட்டுக்குப் போன பிறகு அதைப் பெற வழியில்லை.

கார் ஓட்டாதவர்களுக்குப் பேருந்து இருக்கிறது. கோடைப் பருவத்தில் ஹானியாவிலிருந்து காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் திரும்பும் கேடெல் என்ற வெளியூர்ப் பேருந்தை நம்பலாம். ஆனால் திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்படியும் வரும் என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லாது. கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், முதல்நாள் மாலையே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, பலரும் எண்ணிப்பார்க்காத ஒன்று: காற்று. வானம் தெளிந்து வெயில் அடித்தால் கடற்கரைக்கு ஏற்ற நாள் என்று நினைக்கிறோம். எலஃபோனிசியோ தட்டையான, மறைப்பில்லாத நிலம். காற்று வலுத்தால் மணல் தரையோடு பறந்து வந்து கெண்டைக்காலில் ஊசியாய்க் குத்தும், குடை நிற்காது, சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்க முடியாது. கிரேக்கர்கள் காற்றின் வேகத்தை போஃபோர்ட் அளவில் சொல்வார்கள். 5 போஃபோர்ட் என்பது மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 38 கிலோமீட்டர் வேகம். முன்னறிவிப்பில் அந்த எண்ணோ அதற்கு மேலோ தெரிந்தால் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளுவதே புத்திசாலித்தனம். பலையோஹோராவிலிருந்து கோடையில் வரும் படகும் அத்தகைய நாளில் நின்றுபோகலாம். மேற்குப் பகுதியில் இரண்டு இரவுகள் தங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு முக்கியக் காரணமே இதுதான்: ஒரே ஒரு தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த நாளின் காற்றே விதி.

மாதத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நம் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், ஐரோப்பியர்களின் விடுமுறை உச்சத்தில் இருக்கும். இருந்தும் அந்த மாதங்களையே ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததில்லை. ஜூன் முற்பாதியும் செப்டம்பரும் நல்லவை. மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் கடல் குளிர்ந்தே இருக்கும். செப்டம்பரில் கோடை முழுதும் சூடேறிய நீர் கிடைக்கும். எந்த மாதமானாலும், சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும் காலை 11 முதல் மாலை 4 வரையான நேரத்தைத் தவிர்த்து, 9 மணிக்கே போய்ச் சேர்வது அல்லது 4 மணிக்குப் பிறகு போவது நல்லது. ஜூன் கடைசியில் இரவு எட்டரை மணிக்குப் பிறகே சூரியன் மறைவதால், மாலையில் போனாலும் நேரம் தாராளமாக இருக்கும். மலைச்சாலையில் இருட்டுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். தீவின் வடமேற்கு முனையிலுள்ள பாலோஸ் காயலையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அது வேறொரு திசை. அதற்குச் செல்லும் மண்சாலையில் வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால், வாடகைக் கார்க் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது.

மணலின் நிறத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் சற்றுத் தணித்துக்கொள்ள வேண்டும். கரை முழுவதும் இளஞ்சிவப்பாக இராது. நுண்ணிய கடலுயிர்களின் சிவந்த ஓடுகள் நொறுங்கி மணலோடு கலப்பதால், அலை வந்து போகும் ஈர விளிம்பில்தான் அந்நிறம் பட்டைகளாகத் தெரியும். அதுவும் சில இடங்களில் மட்டும். அந்த மணலைக் குப்பியில் அள்ளிக்கொண்டு வருவது தடைசெய்யப்பட்ட செயல். இப்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்தது. மணல்மேடுகளில் வெண்ணிறக் கடல் அல்லி பூக்கும் இடங்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தால், படம் எடுப்பதற்காக அதைத் தாண்டக் கூடாது.

நீந்தத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காயல் பக்கம் ஏற்றது. அங்கிருந்து நீரில் நடந்தே எதிரிலுள்ள சிறுதீவுக்குப் போகலாம். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு என்றாலும், காற்றைப் பொறுத்து நீர் முழங்காலிலிருந்து இடுப்புவரை ஏறக்கூடும் என்பதால், கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் நீர் புகாத பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுதீவின் வெளிப்புறத்தில் இருப்பது திறந்த கடல். காயலின் அமைதியை நம்பி அங்கே இறங்குவது ஆபத்தானது. மேலும், வாடகைக் குடையும் சாய்வு நாற்காலியும் முதன்மைக் கரையில்தான் கிடைக்கும். சிறுதீவில் நிழலே இல்லை.

கடற்கரைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்பாகப் பாறைமேல் நிற்கும் கிரிசோஸ்கலிதிசா மடத்தை நீச்சலுடையோடு கடந்துபோகிறவர்களே அதிகம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஒரு துணி கையிலிருந்தால் உள்ளே சென்று பார்க்கலாம். கூட்டத்தைக் கண்டு சலித்தவர்கள், கிழக்கே ஈ4 என்ற நெடுந்தொலைவு நடைபாதையில் நடந்து ஜூனிபர் மரங்கள் நிறைந்த கெத்ரோதாசோஸ் கரையை அடையலாம். அங்கே கடையும் இல்லை, குழாயும் இல்லை. ஆகவே குடிநீரும், குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பையும் புறப்படும்போதே கையில் இருக்க வேண்டும்.