40 தாண்டி ஐவிஎஃப் போறீங்களா, ஊசி போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுக்கோங்க

எனக்கு 41 முடிய ரெண்டு மாசம் இருக்கறப்பதான் முதல் தடவையா ஐவிஎஃப் (முட்டைய வெளிய எடுத்து, லேப்ல கருவாக்கி, திரும்ப உள்ள வைக்கறது) பண்ற டாக்டர் முன்னாடி போய் உக்காந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் எங்க ஊர்லயே ஒரு டாக்டர்கிட்ட மாத்திரை, ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற பை) ஸ்கேன், மறுபடி மாத்திரை, நடுவுல நாலு ஐயுஐ (விந்தணுவ நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தறது). "டென்ஷன் ஆகாதீங்கம்மா, தானா நிக்கும்"னு சொல்லிட்டே இருந்தாங்க, நானும் திருக்கருகாவூர் கோயில் நெய்யும் சாப்ட்டுட்டு நம்பிட்டே இருந்தேன். நெய் மேல எனக்கு கோவம் இல்ல, அது யாரோட நேரத்தையும் திங்கல. அந்த ரெண்டு வருஷத்த நினைச்சாதான் இன்னிக்கும் வயிறு எரியுது.

அதனால முதல் விஷயம் இது. 35க்கு கீழ இருக்கறவங்க ஒரு வருஷம் ட்ரை பண்ணிட்டு டாக்டர பாக்கலாம், 35 தாண்டினா ஆறு மாசம், 40 தாண்டிட்டா காத்திருக்கவே வேணாம், முடிவு பண்ண அன்னிக்கே போய் டெஸ்ட் எடுங்க. 40க்கு மேல ஒரு ஐயுஐக்கு 100ல 5 தேறினாலே பெருசு. ஒண்ணு ரெண்டு பண்ணி பாக்கறது உங்க இஷ்டம், ஆனா நாலு அஞ்சுன்னு இழுத்துட்டு போனாங்கன்னா ஏன்னு கேளுங்க.

டெஸ்ட்டுன்னு போனா பீரியட்ஸ் வந்த ரெண்டாவது இல்ல மூணாவது நாள் போகணும். அன்னிக்கு உள்ள விட்டு பாக்கற ஸ்கேன்ல ரெண்டு ஓவரிலயும் சின்ன சின்ன ஃபாலிக்கிள் எத்தனை இருக்குன்னு எண்ணுவாங்க, கூடவே ரத்தத்துல எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடையால்னு ரெண்டு ஹார்மோன். ஏஎம்ஹெச்ங்கற இன்னொரு ஹார்மோன் டெஸ்ட்டுக்கு எந்த நாள்லயும் ரத்தம் கொடுக்கலாம். இந்த ஏஎம்ஹெச்ச வச்சு நிறைய பேர் ஏமாந்து போறாங்க, ரெண்டு பக்கமும். அது முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஒரு மதிப்பு சொல்லும், அவ்ளோதான், தரத்த சொல்லாது. 42 வயசுல 3 வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டாலும் அது 42 வயசு முட்டைதான், எண்ணிக்கை கொஞ்சம் கூட கிடைக்கும். 0.6 வந்தா உலகம் முடிஞ்சிடல, ஆனா ஒரு தடவைக்கு ரெண்டு மூணு முட்டைதான் வரும்னு மனச தயார் பண்ணிக்கலாம்.

தைராய்டு, சுகர், பிபி, மேமோகிராம், பாப் ஸ்மியர் எல்லாம் இதோட சேர்த்தே முடிச்சிடுங்க, கட்டி இருந்தா அது கர்ப்பப்பை உள்பக்கம் தள்ளிட்டு இருக்கான்னு ஸ்கேன்ல பாக்க சொல்லுங்க. ஃபோலிக் ஆசிட் டாக்டர கேட்டுட்டு இப்பவே ஆரம்பிக்கலாம், கர்ப்பம் ஆன அப்பறம் ஆரம்பிக்கறது லேட்டு. அப்பறம் வீட்டுக்காரர் டெஸ்ட். இத மாமியார் கேக்க மாட்டாங்க, நாத்தனார் கேக்க மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். ரெண்டுல இருந்து அஞ்சு நாள் உறவு இல்லாம இருந்துட்டு கொடுக்கற விந்து சாம்பிள், ஒரே ஒரு நாள் வேலை, ஒரு எம்எல்லுக்கு 1.6 கோடிக்கு மேல கவுண்ட் இருக்கணும், அதோட ஓட்டமும் வடிவமும் பாப்பாங்க. எங்க வீட்ல இத பண்ணவே ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் எல்லா ஊசியும் எனக்குத்தான்.

இப்ப கணக்குக்கு வரேன், இதத்தான் யாரும் நமக்கு பொறுமையா உக்கார வச்சு சொல்றதில்ல. எக் பிக்கப்ல 6 முட்டை எடுக்கறாங்கன்னு வைங்க. அதுல பக்குவமானது 4 இல்ல 5. இக்ஸி (ஒரு முட்டைக்குள்ள ஒரு விந்தணுவ ஊசியால செலுத்தறது) பண்ணா கரு ஆகறது 3, கொஞ்சம் அதிர்ஷ்டம்னா 4. அஞ்சாவது நாள் ப்ளாஸ்டோசிஸ்ட்ங்கற வளர்ந்த கரு நிலை வரைக்கும் தாக்குப்பிடிக்கறது 1, 2. இவ்ளோ தூரம் வந்தப்பறமும், 40 வயசுல பாதிக்கு மேல கருவுல க்ரோமோசோம் கோளாறு இருக்கும், 42, 43ல நாலுல மூணு அப்படி இருக்கும். அது பெரும்பாலும் ஒட்டாது, இல்ல ஒட்டி எட்டு பத்து வாரத்துல கலைஞ்சிடும். நாம நடந்தது தப்பு, படி ஏறினது தப்பு, பப்பாளி சாப்ட்டது தப்புன்னு அழுதுட்டு இருப்போம். காரணம் பெரும்பாலும் அந்த க்ரோமோசோம்தான், உங்க மேல எந்த தப்பும் இல்ல.

இதயெல்லாம் சேத்து பாத்தா சொந்த முட்டைல 40ல இருந்து 42 வரைக்கும் 100 பேர் பண்ணா 10 பேர் பக்கம் குழந்தையோட வீட்டுக்கு போவாங்க, 43, 44ல அது அஞ்சு அல்லது அதுக்கும் கீழ, 45ல ஒண்ணு ரெண்டு தேறினா உண்டு. டோனர் எக்னா, அதாவது இன்னொரு சின்ன வயசு பொண்ணு கொடுத்த முட்டைன்னா, ஒரு ட்ரான்ஸ்பருக்கு (கருவ கர்ப்பப்பைல வைக்கறது) 100ல 30ல இருந்து 50 வரைக்கும் சொல்லலாம், ஏன்னா வயசு முட்டைக்குத்தான் ஏறுது, கர்ப்பப்பை அவ்ளோ சீக்கிரம் கிழவி ஆகறதில்ல. ஹாஸ்பிடல் வாசல் போர்டுல 70 பர்சன்ட், 80 பர்சன்ட்னு போட்டிருப்பாங்க, அது 28 வயசு பொண்ணு, டோனர் எக் எல்லாத்தையும் சேத்து போட்டதா இருக்கலாம், பீட்டாங்கற கர்ப்ப ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததையே வெற்றின்னு எண்ணினதா இருக்கலாம். நீங்க கேக்க வேண்டியது இப்படி: "என் வயசுல, சொந்த முட்டைல, போன வருஷம் எத்தனை பேருக்கு பண்ணீங்க, அதுல எத்தனை பேர் குழந்தை பெத்து வீட்டுக்கு போனாங்க?" நான் இத கேட்டப்ப ஒரு இடத்துல கவுன்சிலர் பொண்ணு சிரிச்சுட்டு "பாசிட்டிவா நினைங்க மேம்"னு சொன்னா. அடுத்த ஹாஸ்பிடல்ல டாக்டரே ஒரு பேப்பர்ல எழுதி காட்டினார், நம்பர் சின்னதுதான், ஆனா நான் அங்கதான் சேர்ந்தேன்.

அந்த நம்பர பாத்துட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் உக்காந்து ஒரு எல்லை எழுதி வச்சுக்கோங்க: எத்தனை பிக்கப், எவ்ளோ பணம், எந்த மாசம் வரைக்கும், அதுக்கப்பறம் என்ன. நாங்க எழுதினது சொந்த முட்டைல ரெண்டு பிக்கப், நாலு லட்சம், அடுத்த தீபாவளி, அப்பறம் டோனர். இத ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதணும், நெகட்டிவ் வந்த அன்னிக்கு எழுத முடியாது, அன்னிக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டற நிலைமைல இருப்போம். 40, 41ன்னா சொந்த முட்டைல ரெண்டு மூணு தடவை பாக்கறது நியாயம்தான், 44, 45ல பாக்கணும்னு தோணினா ஒரு தடவை, அதுவும் மனசு ஆறறதுக்குன்னு தெரிஞ்சே பண்ணுங்க.

சைக்கிள் எப்படி இருக்கும்னா, பீரியட்ஸ் ரெண்டாம் நாள் ஆரம்பிச்சு 10, 12 நாள் தினமும் வயித்துல ஊசி, பாதில இருந்து முட்டை முன்னாடியே வெடிக்காம இருக்க இன்னொரு ஊசி, ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை ஸ்கேன். சில ஊசிய ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், நான் திண்டுக்கல்ல இருந்து மதுரைக்கு பஸ்ல போறவ, சாப்பாட்டு டிபன் பைல ஐஸ் பேக் வச்சு எடுத்துட்டு போவேன், கண்டக்டர் மீன் வாங்கிட்டு போறேன்னு நினைச்சிருப்பார். கடைசியா ட்ரிகர் ஊசி, இத மட்டும் சொன்ன மணிக்கு சொன்ன நிமிஷத்துல போடணும், அதுல இருந்து 34, 36 மணி நேரத்துல பிக்கப், லேட்டானா முட்டை வெளியேறிடும். எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ட்ரிகர், அன்னிக்கு சொந்தக்காரங்க கல்யாண ரிசப்ஷன், மண்டபத்து டாய்லெட்ல நின்னு பட்டு புடவைய தூக்கி குத்திக்கிட்டேன். பிக்கப் மயக்கத்துல அரை மணி நேர வேலை. முட்டை கம்மியா வர்றவங்களுக்கு ஊசி டோஸ ஏத்திட்டே போனா முட்டையும் ஏறும்னு கிடையாது, கம்மி டோஸ்லயும் பல நேரம் அதே ரெண்டு மூணுதான் வரும், அதனால மைல்ட் சைக்கிள் உங்களுக்கு ஒத்து வருமான்னு கேளுங்க, ஊசி செலவு பாதியா குறையலாம்.

கருவ டெஸ்ட் பண்ற பிஜிடி-ஏ பத்தி கண்டிப்பா பேச்சு வரும். ப்ளாஸ்டோசிஸ்ட்ல இருந்து கொஞ்சம் செல் எடுத்து க்ரோமோசோம் எண்ணுவாங்க. நாலு அஞ்சு கரு இருந்தா எத முதல்ல வைக்கறதுன்னு தெரியும், வீணா ட்ரான்ஸ்பர், அபார்ஷன் ஒண்ணு ரெண்டு தவிர்க்கலாம். ஒரே ஒரு கரு இருக்கறவங்களுக்கு அதால பெருசா பிரயோஜனம் இல்லன்னு எனக்கு தோணுது, டெஸ்ட் பண்றதால கெட்ட கரு நல்ல கருவா மாறப்போறதில்ல. அப்பறம் அதுல ஆணா பொண்ணான்னு கேக்காதீங்க, கேக்கறதும் குத்தம் சொல்றதும் குத்தம், 1994ல இருந்தே சட்டம் இருக்கு.

கூடுதலா விக்கற சமாச்சாரங்கள்: ஓவரில பிஆர்பி (சொந்த ரத்தத்துல இருந்து பிரிச்சு போடற ஊசி), டிஹெச்இஏ மாத்திரை, கோக்யூ10 சத்து மாத்திரை, ஈஆர்ஏ டெஸ்ட் (கர்ப்பப்பை உள்தோல் எப்ப தயாரா இருக்குன்னு பாக்கறது), க்ரோத் ஹார்மோன். 40 தாண்டினவங்களுக்கு இதால குழந்தை கூடுதலா பிறக்குதுன்னு உறுதியான ஆதாரம் இல்ல. கோக்யூ10 சாப்பிட்டா பணம்தான் போகும், டிஹெச்இஏ ஹார்மோன், எனக்கு முகமெல்லாம் பரு வந்து தாடைல முடி முளைச்சது. ஒவ்வொண்ணுக்கும் "இது இல்லாம பண்ணா என்ன குறையும் டாக்டர்?"னு கேளுங்க.

டோனர் எக் சமாச்சாரம். 2021ல வந்த ஏஆர்டி (செயற்கை கருத்தரிப்பு) சட்டப்படி பொண்ணுக்கு 50க்குள்ள, ஆணுக்கு 55க்குள்ள இருந்தாதான் ஐவிஎஃப் பண்ண முடியும், உங்களுக்கு 44 ஆகி வீட்டுக்காரருக்கு 53 ஆச்சுன்னா உங்க கெடு உங்க வயசுல இல்ல, அவர் வயசுல இருக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களும் இந்த சட்டத்துல ஐவிஎஃப் பண்ணிக்கலாம். டோனர் 23ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கணும், வாழ்க்கைல ஒரு தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது, ஒரு டோனர் முட்டைய ஒரு ஜோடிக்கு மேல கொடுக்கவும் கூடாது. முட்டைய விக்கறது வாங்கறது குத்தம், பதிவு பண்ண டோனர் பேங்க் மூலமாத்தான் வரணும், "எங்களுக்கு தெரிஞ்ச பொண்ணு இருக்கு, கேஷா கொடுத்துடுங்க"ன்னு எவனாவது சொன்னா அந்த பக்கமே போகாதீங்க. டோனர் யார்னு உங்களுக்கு தெரியாது, பிறக்கற குழந்தை சட்டப்படி முழுசா உங்களோடது. உறைய வச்ச கருவ 10 வருஷம் வரைக்கும் வச்சுக்கலாம்.

டோனர் எக்குக்கு மனசு ஒத்துக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. குழந்தை யார் ஜாடைல இருக்கும்னு ராத்திரி முழுக்க யோசிப்பேன். அம்மாகிட்ட சொல்லணுமான்னு கேட்டா, எங்க முடிவு ரெண்டு பேருக்குள்ள மட்டும் இருக்கட்டும்னு. உங்க வீட்டுக்கு எது சரின்னு நீங்கதான் பாக்கணும், ஆனா ட்ரான்ஸ்பருக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

தத்தெடுக்கறத "கடைசியா பாத்துக்கலாம்"னு தள்ளி வைக்கறவங்களுக்கு ஒண்ணு. காரா (தத்தெடுப்ப கவனிக்கற மத்திய அரசு அமைப்பு) விதில ரெண்டு பேர் வயசையும் கூட்டுவாங்க, ரெண்டு வயசுக்குள்ள குழந்தை வேணும்னா கூட்டு வயசு 85 தாண்டக் கூடாது, ரெண்டுல இருந்து நாலு வயசு குழந்தைக்கு 90, நாலுல இருந்து எட்டுக்கு 100. நீங்க 42, அவர் 44ன்னா 86, கைக்குழந்தைக்கான கதவு மூடியாச்சு. லிஸ்ட்ல காத்திருக்கறதுக்கே வருஷக்கணக்குல ஆகும், அதனால ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறப்பவே இதயும் விசாரிங்க. வாடகைத்தாய் முறைக்கு மருத்துவ காரணம் இருக்கணும், பணத்துக்கு பெத்துத் தர்றது இப்ப தடை, ரொம்ப பேருக்கு ஒத்து வராத வழி.

பணம்னா பிரைவேட்ல ஒரு சைக்கிள் ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டரை லட்சம் வரைக்கும் போகும், பேக்கேஜ்ல ஊசி இருக்கா, ஃப்ரீஸிங் இருக்கா, அடுத்த ட்ரான்ஸ்பர் இருக்கான்னு எழுதி வாங்குங்க. பெரும்பாலான இன்சூரன்ஸ் தராது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரில கருத்தரிப்பு மையம் இருக்கு, முடிஞ்சவங்க முதல்ல அங்க போய் விசாரிங்க.

பாசிட்டிவ் வந்தா சும்மா படுத்தே கிடக்கணும்னு இல்ல. 40 தாண்டினா பிபியும் சுகரும் கர்ப்பத்துல எகிற வாய்ப்பு ஜாஸ்தி, 12 வாரத்துல இருந்து கம்மி டோஸ் ஆஸ்பிரின் வேணுமான்னு டாக்டர கேளுங்க. இரட்டை குழந்தை ஆசைல ரெண்டு மூணு கரு வைக்க சொல்லாதீங்க, இந்த வயசுல உடம்பு தாங்கறது கஷ்டம். சொந்த முட்டைன்னா 40 வயசுல டவுன் சிண்ட்ரோம் 100ல ஒண்ணு, 45ல 30ல ஒண்ணு, அதனால 11ல இருந்து 13 வாரத்துக்குள்ள என்டி ஸ்கேன், பத்து வாரம் முடிஞ்சதும் என்ஐபிடி ரத்த டெஸ்ட்.

அந்த டெஸ்ட் ஃபார்ம்ல ஒரு விஷயம் கவனிங்க. டோனர் எக்னா வயசு கட்டத்துல உங்க வயசு மட்டும் போட்டா ரிசல்ட் தப்பா பயமுறுத்தும், முட்டை கொடுத்தவங்க வயசையும் எழுதி கொடுக்கணும். நான் 43ன்னு போட்டு பக்கத்துல 26ன்னு எழுதினேன், லேப்ல இருந்த பொண்ணு "அக்கா, எது கரெக்ட்டு?"ன்னு சத்தமா கேட்டா, பின்னாடி ஒரு கும்பலே நிக்குது. கிட்ட வான்னு கூப்ட்டு காதுல சொன்னேன். எங்க ரெண்டு பேரயும் டாக்டரையும் தவிர அத முதல்ல தெரிஞ்சுகிட்டது அந்த பொண்ணுதான். "சரிக்கா"ன்னு சொல்லிட்டு ட்யூப்ல ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சிட்டா.