கல்லீரல் புற்றுச் செல்லை அடையாளம் காட்டும் ஆப்டமர்: தேர்ந்தெடுக்கும் முறை

ஆப்டமர் என்பது குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் ஒற்றை இழை டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ துண்டு. பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது: புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினைத் தொடாதீர்கள். செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும்போதே அது மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டிவிடும். நாம் தேடுவதே அவற்றைத்தான்! செல்லின் பிடியைத் தளர்த்தும் இடிடிஏ என்ற வேதிப்பொருளே போதும். இறந்த செல்கள் மலிந்த தட்டையும் ஒதுக்குங்கள். அவை கண்ட டிஎன்ஏவையும் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், பலவகை வரிசைகள் கலந்த ஒற்றை இழை டிஎன்ஏ தொகுப்பை 95 டிகிரியில் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வையுங்கள். ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்வகையோடு கலந்து, ஒட்டாததைக் கழுவுங்கள். ஒட்டியதைப் பிரித்து, சாதாரணக் கல்லீரல் செல்லோடு கலந்து, அதில் ஒட்டாததை மட்டும் பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுக்கும் முறை) பெருக்குங்கள். பெருகி வந்த இரட்டை இழைகளைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து.

ஹெப்ஜி2 உண்மையில் ஹெப்பட்டோபிளாஸ்டோமா, அதாவது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கட்டிவகை. அதனால் பெரியவர் ஒருவரின் கல்லீரல் புற்றிலிருந்து வந்த ஹூ7 செல்லிலும், ஆப்டமரில் ஒளிரும் சாயம் சேர்த்துச் சோதிக்காமல் வெற்றி என்று எழுதாதீர்கள்.