பழைய கணினி ஊர்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

வீட்டுக் கணினிக்குப் பத்து வயது ஆனதும் "புதுசு வாங்கிடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அவசரப்படாதீர்கள். டர்பனில் சாட்ஸ்வர்த், மெரேபேங்க் பக்கம் உறவினர் வீடுகளில் நான் திறந்து பார்த்த மேசைக் கணினிகளில் பிராசஸர் கெட்டுப்போனதே கிடையாது. இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் தூசி. அப்புறம் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன பேட்டரி. அதைப் பற்றிச் சரியாக விளக்குபவர்கள் குறைவு என்பதால் இங்கே அதற்குத்தான் அதிக இடம். விண்டோஸ் 10 ஓடும் மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எல்லாவற்றுக்கும் முன் பேக்கப்

பழைய கணினியில் கிடப்பது கல்யாணப் படங்கள் மட்டும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து தொடங்கும் கதையில் தன் குடும்பம் எங்கே வருகிறது என்று, கப்பல் பட்டியலையும் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண்ணையும் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் நம் குடும்பங்களில் இருப்பார். அந்த ஃபோல்டருக்குப் பெரும்பாலும் வேறு பிரதி இருக்காது. அதை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. எது இழுக்கிறது என்று பாருங்கள்

கணினியைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கம். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, சிபியு சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை. சிபியு எகிறி, ஃபேன் இரைந்தால் சூடு, அல்லது ஏதோ ஒரு மென்பொருள் பின்னால் ஓடுகிறது. ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், தொடக்கத்திலேயே ஓட வேண்டிய அவசியம் இல்லாததை நிறுத்துங்கள்.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறம் என்றால் டிஸ்க் நலம். மஞ்சள் என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது; அதற்கு மேல் அதில் எந்த வேலையும் வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றி வெளியே எடுங்கள்.

"ஒரே கிளிக்கில் வேகம்" என்று வரும் கிளீனர்களை உள்ளேயே விடாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்.

3. தூசி

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தைக் கழியுங்கள். பெட்டியை வெளியே தூக்கிப் போய்த் திறந்து, காற்று ஊதும் கருவியால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டால் கெட்டுப்போகலாம். வேக்வம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் ஆபத்து.

விளக்கேற்றும் மூலைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் கதை வேறு. எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் தூசியோடு கலந்து, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கறுப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருக்கும். காற்றுக்கு அது அசையாது. சின்னப் பெயிண்ட் பிரஷை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியே ரேம் குச்சிகளைக் கழற்றி, பொன்னிறக் கால்களையும் அதே ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். டர்பனின் ப்ளஃப் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று எல்லா உலோகத்தையும் தின்கிறது. அங்கே இதைத் தவறாமல் செய்யுங்கள்.

4. அந்தச் சின்ன பேட்டரி

அறிகுறி இதுதான். கரண்ட் போய் வந்த பிறகு கணினியைப் போட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். பிரௌசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று மிரட்டும். இணையம் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கணினி வேறு வருடத்தில் இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் முடிவு செய்கிறது, அவ்வளவுதான்.

கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும், பயோஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் காப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. பிளக் சுவரில் இருக்கும்வரை கரண்டே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பேட்டரி பெரிதாகத் தேயாது. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஆறாம் கட்டம் வரை போனபோது தினமும் பல மணி நேரம் அந்தப் பாரம் முழுவதும் பேட்டரி தலையில் விழுந்தது. தினமும் இரவு சுவர் ஸ்விட்சை அணைக்கும் வீடுகளிலும் இதே நிலைதான். பேட்டரி விலை அதிகம் இல்லை, மாற்றுவதும் சுலபம். குழந்தைகள் கையில் மட்டும் கிடைக்கக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். பழைய பேட்டரியை எடுப்பதற்கு முன், கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயோஸுக்குள் போங்கள். கடிகாரம் பின்னால் போயிருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். முக்கியமாக சாட்டா மோடு என்ற வரி, டிஸ்க்கோடு கணினி எந்த முறையில் பேசுகிறது என்பதைச் சொல்வது அதுதான்.

ஏன் என்றால், பேட்டரியை மாற்றியதும் பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடலாம். பெரியம்மா வீட்டுக் கணினியில் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது இதுதான். புது பேட்டரி போட்டதும் விண்டோஸ் வரவில்லை. நீலத் திரை, "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்", மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை. "என்னப்பா, படமெல்லாம் போயிடுச்சா?" என்று பெரியம்மா பக்கத்திலேயே நின்றார். எதுவும் போகவில்லை. விண்டோஸ் ஏஹெச்சிஐ முறையில் நிறுவப்பட்டிருந்தது. பயோஸ் தன் பழைய இயல்பான ஐடிஇ முறைக்குத் திரும்பியிருந்தது. பயோஸுக்குள் போய் சாட்டா மோடை ஏஹெச்சிஐ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்ததும் வழக்கம்போல் வந்தது. நீலத் திரையைப் பார்த்துப் பயந்து, விண்டோஸ் கேட்கும் ரீசெட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயோஸ் மாறியதும் அதைக் கேட்கலாம்.

5. எஸ்எஸ்டி

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்; பணம் செலவழிக்க ஒரே இடம்தான் என்றால் இதில் செலவழியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சின்னத் தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் தேடல்கள் நடக்கின்றன. ரேம் 4 ஜிபி என்றால் அதை 8 ஆக்குவது அடுத்த வேலை.

பழைய டிஸ்க் நீலத்தில் இருந்தால் குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளால் அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்கலாம். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மஞ்சளில் இருந்தால் புதிதாக நிறுவுவதே என் விருப்பம். முதல்முறை தொடங்கும்போது பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள்.

கரண்ட் போனால் பிளக்கை உருவிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் அவசியம் வேண்டும்.

பின்சேர்க்கை: விண்டோஸ் 10 பற்றிப் பலர் கேட்டார்கள். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இந்த வயதுக் கணினிகள் பெரும்பாலும் தேறாது. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். யூடியூப், மின்னஞ்சல், தமிழ்99 தட்டச்சு எல்லாம் நடக்கிறது.

இன்னொரு பின்சேர்க்கை: மின்ட்டையும் விண்டோஸையும் ஒரே கணினியில் வைத்திருக்கும் ஒருவர், புது பேட்டரி போட்டும் விண்டோஸில் கடிகாரம் சரியாக இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது என்றார். அது பேட்டரி கோளாறு இல்லை. லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. தென்னாப்பிரிக்க நேரம் உலக நேரத்தைவிட இரண்டு மணி முன்னால். மின்ட்டில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி விண்டோஸைத் திறக்கச் சொன்னேன், நேரம் சரியாகிவிட்டது.